பொன்னாங்காணி என்று நான் சொன்ன செடி

மனைவி இறந்து ஓராண்டு நிறையும் ஆட்டைத் திவசத்துக்கு வருகிறவர்களுக்கு என்ன கொடுப்பது என்ற கேள்வியை மகள்தான் முதலில் எழுப்பினாள். சுவிஸில் குடியேறிய எங்கள் தமிழ் ஆட்களிடையே வழக்கம் தெளிவானது. மதியச் சாப்பாடு முடிந்து புறப்படும் ஒவ்வொரு குடும்பத்தின் கையிலும் நினைவு மலர் என்ற சிறு புத்தகமும் ஒரு பாத்திரமும் கொடுக்கப்படும். பேர்னுக்கு அருகே ஓஸ்டர்முண்டிகனில் எங்கள் சமையலறையின் மேற்தட்டில் அவ்வாறு சேர்ந்த சில்வர் தட்டங்கள் அடுக்காக இருக்கின்றன; ஒவ்வொன்றின் விளிம்பிலும் இறந்த ஒருவரின் பெயர் வெட்டப்பட்டிருக்கிறது.

"அப்பா, இன்னொரு தட்டம் வேண்டாம்," என்றாள் மகள். "அம்மாவின்ர பொன்னாங்காணிக் கீரையைச் சின்னச் சட்டியளில வைச்சுக் குடுப்பம். ஒவ்வொரு வீட்டிலயும் அம்மா வளருவா."

யோசனை நல்லது என்று மட்டும் சொன்னேன். ஒரே வயதில், ஒரே உயரத்தில், நூற்றுக்கணக்கான செடிகளை வளர்த்தெடுப்பது என் தொழிலின் பாதியாக இருந்தது. எண்பது சட்டிகள் எனக்கு ஒரு வேலையே அல்ல.

அந்தத் தொழிலைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். நான் பூச்சியியல் கற்றவன். ஓய்வு பெறும்வரை யூரா மலையடிவாரத்தில் ஓர் ஆய்வுநிலையத்தில் வேலை செய்தேன். ஒரு செடி தன் பிறந்த மண்ணில் அடக்கமாக இருப்பதற்குப் பெரும்பாலும் காரணம், அதைத் தின்னும் பூச்சிகளும் அதற்கு நோய் உண்டாக்கும் பூஞ்சைகளும் அங்கேயே இருப்பதுதான். அது கப்பலிலோ விதைப்பையிலோ ஏறி வேறொரு கண்டத்தை அடையும்போது எதிரிகள் உடன் செல்வதில்லை. சுவிஸ் புல்வெளிகளில் எவரும் திரும்பிப் பாராத பூண்டுகள் வட அமெரிக்க மேய்ச்சல் நிலங்களை மூடிக்கொண்டது இப்படித்தான். அவற்றின் எதிரிகளை இங்கே தேடிப் பிடித்து, அங்கே அனுப்பத் தகுந்தவையா என்று சோதிப்பது எங்கள் வேலை. தேடுவது எளிது. சோதனைக்குத்தான் ஆண்டுக்கணக்கில் காலம் பிடிக்கும். களையைத் தின்னச் சென்ற பூச்சி அங்கே கோதுமையைத் தின்னத் தொடங்கினால் அதைத் திரும்பக் கூப்பிட முடியாது. ஆகவே ஒரு வண்டைக் கோவா என்னும் முட்டைக்கோசின் இலையுடன் மட்டும் ஒரு கிண்ணத்தில் அடைப்போம். இன்னொன்றைச் சூரியகாந்தி இலையுடன் மட்டும். தனக்குரியதல்லாத செடியைத் தின்பதிலும் பட்டினி கிடந்து சாவதையே எந்த வண்டு தெரிந்தெடுக்கிறதோ, அது நம்பத்தக்கது.

மனைவிக்கு இதை முதன்முதலில் விளக்கியபோது அவள் அகப்பையைக் கீழே வைத்தாள்.

"பட்டினி போட்டுச் சாகடிச்சுப்போட்டு, பாஸ் எண்டு எழுதுறியளோ?"

"ஓம்."

"பெயிலானது?"

"அதையும் வெளியில விடேலாது. அதுவும் சாகும்."

"அப்ப என்னத்துக்கப்பா அதுகள் சோதினை எடுக்குதுகள்?"

ஒரு பூச்சி தங்கி உண்ணும் செடியை, நான் படித்த தமிழ்ப் பாடநூல்கள் விருந்து வழங்கி என்று அழைத்தன. அந்தச் சொல்லை அவள் தனக்கு எடுத்துக்கொண்டாள். வைத்தியசாலைச் சலவைக்கூடத்தில் முழுநாளும் நின்றுவிட்டு வந்தும், வீட்டில் நான்கு பேர் இருந்தால் எட்டுப் பேருக்குச் சமைப்பாள். "விருந்து வழங்கி வாறா, வழி விடுங்கோ," என்று சுடுசட்டியைத் தூக்கிக்கொண்டு வருவாள். புறப்படுகிறவர்களின் கையில் ஈரத்தாளில் சுற்றிய ஒரு பிடி பொன்னாங்காணித் தண்டு இருக்கும். தண்ணீருக்குள் வைத்தால் ஒரு வாரத்தில் வேர் விடும் என்று வாசலில் நின்று சொல்லிக்கொடுப்பாள்.

அந்தச் செடி எங்கள் தெற்குப் பால்கனியில் இரண்டு பெரிய சட்டிகளில் நின்றது. இரண்டும் அடியில் துளையில்லாதவை. எப்போதும் நீர் நிரம்பியவை. குளிர்காலத்தில் வரவேற்பறைச் சன்னலடிக்கு வந்துவிடும். அவள் மறைந்த பின், இடப்பக்கச் சட்டியிலிருந்து தண்டுகளை எடுத்து எண்பதையும் நட்டேன். வலப்பக்கச் சட்டியை அவள் விட்ட நிலையிலேயே விட்டிருந்தேன். தண்ணீர் மட்டும் ஊற்றினேன்.

திவசம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. அதற்கு முந்திய வியாழன் மதியம், நட்டது போக இடப்பக்கச் சட்டியில் மிஞ்சி நின்ற தண்டுகளை எறிய மனமில்லாமல் தேங்காய்ப்பூப் போட்டு வறை செய்யலாம் என்று எண்ணினேன். அவள் இலையை மட்டும் கிள்ளுவாள். தண்டைத் திரும்ப நட்டுவிடுவாள். சமையலில் எனக்கு அவ்வளவு நுட்பம் போதாது. தண்டையும் சேர்த்து அரிந்தேன். பலகையில் விழுந்த துண்டுகள் சிறிய வளையங்களாக உருண்டன.

உள்ளே வெறுமையான தண்டு. அதைக் கண்டதும் என் நினைவுக்கு முதலில் வந்தது ஒரு வண்டு. செடியின் பெயர் அதற்குப் பிறகுதான் வந்தது. கறுப்பு முதுகில் நெடுக்காக மஞ்சட் கோடுகள் கொண்ட, தொட்டால் தெள்ளுப்பூச்சி போலப் பாயும் சிறு வண்டு அது. தென்னமெரிக்காவிலிருந்து கொண்டுசெல்லப்பட்டு, வெப்பமான பல நாடுகளில் குளங்களையும் ஆறுகளையும் மூடிய ஒரு களையை அடக்கியது. எங்கள் துறைக்குப் புதிதாக வருபவர் முதலில் கேட்கும் வெற்றிக்கதைகளுள் அதுவும் ஒன்று. அதன் புழு முற்றியதும் தண்டில் துளையிட்டு உள்ளே நுழைந்து அங்கேயே கூட்டுப்புழுவாகும். அதற்குப் பருத்த, உள்ளே வெற்றிடமுள்ள தண்டு வேண்டும். பொன்னாங்காணியின் மெல்லிய தண்டு அதற்குப் போதாது. என் பலகையில் கிடந்த தண்டு தாராளமாகப் போதும்.

அடுப்பை அணைத்துவிட்டுப் பால்கனிக்குச் சென்றேன். வலப்பக்கச் சட்டி பூத்திருந்தது. நீண்ட காம்பின் நுனியில் ஒவ்வொரு வெள்ளை உருண்டை. பொன்னாங்காணியின் பூ காம்பில்லாமல் இலைக்கக்கத்தில் ஒட்டியிருக்கும். இதில் ஐயத்துக்கு இடமே இல்லை. அவள் இருந்தவரை அந்தச் சட்டிகள் பூத்ததில்லை. வாரத்தில் இருமுறை கிள்ளப்படும் செடிக்குப் பூப்பதற்கு அவகாசம் கிடைப்பதில்லை.

முதலைக்களை. ஆங்கிலப் பெயரை நான் அப்படித்தான் தமிழாக்கிக்கொண்டேன். பொன்னாங்காணிக்கு நெருங்கிய உறவு. இலையை மட்டும் பார்த்தால் எங்கள் ஆட்கள் எவரும் ஏமாறுவர். ஒரு கணு தண்ணீரில் விழுந்தால் போதும், அது ஒரு செடி. சில ஆண்டுகளில் நீரின் மேல் ஆள் நடக்கலாம் போன்ற பாய். பல நாடுகள் அதை வளர்ப்பதையே தடைசெய்திருக்கின்றன. அதை நான் எண்பது சட்டிகளில், ஒரே உயரத்தில், குறையின்றி வளர்த்து வைத்திருந்தேன்.

அது எங்கள் வீட்டுக்கு வந்ததில் எனக்குப் பங்கு உண்டு. ஒஸ்ரேலியாவிலிருந்து வந்த மனைவியின் தங்கை, முகப்பூச்சுக் குப்பிகளுக்கு நடுவே கைப்பையில் ஈரப்பஞ்சில் சுற்றி நான்கு தண்டுகளைக் கொண்டுவந்தார். ஒரு பெட்டி வண்டுகளை எல்லை கடத்த மாதக்கணக்கில் பத்திரம் எழுதுகிறவன் நான். மூன்று கதவுகளுக்குப் பின்னால், உடை மாற்றி, கை கழுவி, பூச்சிகளிடம் செல்கிறவன். அந்த நான்கு தண்டுகளைப் பார்த்துச் சிரித்தேன். வேறொன்றும் செய்யவில்லை.

சில மாதங்களின் பின் ஒரு மாலை, நான் கணினியில் அறிக்கை ஒன்றை முடித்துக்கொண்டிருந்தேன். மனைவி ஒரு தண்டைத் திரைக்கும் என் முகத்துக்கும் நடுவே நீட்டினாள்.

"இஞ்சருங்கோ, இது எங்கட பொன்னாங்காணிதானோ? இலை கொஞ்சம் தடிப்பாக் கிடக்கு."

"ஓம், ஓம். அதுதான்."

"வடிவாப் பாத்துச் சொல்லுங்கோப்பா. நாலு பேருக்குக் குடுக்கப்போறன்."

"பொன்னாங்காணிதான். இஞ்சத்தையத் தண்ணிக்குத் தடிச்சிருக்கும்."

நான் எழுதிக்கொண்டிருந்த அறிக்கை, ஓர் அந்துப்பூச்சி இரண்டு நெருங்கிய செடிகளைப் பிரித்தறிகிறதா என்பதைப் பற்றியது.

வியாழன் மாலையே மகள் ஓர்லிகோனிலிருந்து வந்தாள். அங்கே ஒரு மருந்தகத்தில் வேலை செய்கிறாள். காரணம் சொல்லாமல் எதையும் ஏற்கமாட்டாள். தண்டையும் பூவையும் காட்டினேன்.

"அப்பா, இது குளிருக்குச் செத்துப்போடும். ரெண்டு நாள் பனி காணும்."

"தரையில சாகும். தண்ணிக்குக் கீழ நிக்கிற தண்டு சாகாது. இப்ப முந்தின மாதிரிக் குளிரும் இல்லை."

"சரி. எண்பதையும் எறிஞ்சுபோட்டு நாளைக்குத் தட்டம் வாங்குவம். ஒருத்தருக்கும் ஒண்டும் சொல்லத் தேவையில்லை."

"அம்மா முந்திக் குடுத்தது?"

அவள் சட்டிகளைப் பார்த்தாள். பிறகு என்னை.

"அம்மாவின்ர திவசத்தில, எழும்பி நிண்டு, அம்மா குடுத்தது பிழையான செடி எண்டு சொல்லப்போறியளோ? எங்கட சனத்தை எனக்குத் தெரியும். இனி அம்மாவின்ர பேரை எடுத்தால் அந்தக் களைதான் அவைக்கு நினைவு வரும்."

அவளுடைய அச்சம் நியாயமானது. கைநிறையக் கொடுத்தவள் என்பதே என் மனைவிக்கு எங்கள் ஆட்களிடையே இருந்த பெயர். வேறு பெயர் எதையும் அவள் தேடியதில்லை. அந்தப் பெயரைக் காப்பாற்றும் கடமை எனக்கு இருந்தது. ஆனால் அதைக் காப்பாற்றும் வழி மறைப்பதல்ல என்பதில் எனக்குக் கலக்கம் இருக்கவில்லை. நடந்ததை உள்ளபடி சொன்னாலே போதும்.

"அம்மா பிழை விடேல்லை," என்றேன். "அவ கேட்டவ. ரெண்டுதரம் கேட்டவ. நான் பாக்காமல் ஓம் எண்டனான். அதைத்தான் சொல்லப்போறன்."

மகள் ஒரு சட்டியைத் தூக்கிப் பார்த்துத் திரும்ப வைத்தாள். பிறகு, "அப்ப சனத்துக்கு என்ன குடுக்கிறது?" என்றாள்.

"பை," என்றேன். "தடிச்ச பை. வாய் கட்டக்கூடினது."

வெள்ளியும் சனியும் அந்த வேலையில் கழிந்தன. எண்பது சட்டிகளையும் இடப்பக்கச் சட்டியையும் கவிழ்த்து, மண்ணோடு கட்டி, எரியூட்டும் குப்பையில் சேர்த்தோம். மகள் இரண்டு செடிகளின் பூக்களையும் அருகருகே வரைந்து, காம்புள்ளதற்குச் சிவப்பு வட்டமிட்டு, ஓர் அட்டை அச்சடித்தாள். அவளுக்குத் தாயின் கை, கோடு நடுங்காது. வலப்பக்கச் சட்டியை மட்டும் நான் தொடவில்லை. பால்கனியிலிருந்து அது எங்கும் போகாது என்று மகளிடம் சொன்னேன். அது உண்மைதான். காரணம் அதுவல்ல.

ஞாயிறு, மண்டபத்தில் படையல் முடிந்து சாப்பாடும் முடிந்தபின், எழுந்து நின்றேன். நான் விரிவுரைகளுக்குப் பழகியவன். குரல் சரியாக இருந்தது. செடியின் பெயரைச் சொன்னேன், என்ன செய்யும், எந்த வண்டு அதைத் தின்னும் என்று சொன்னேன், மனைவி என்னிடம் கேட்டதையும் நான் கூறிய மறுமொழியையும் சொல் மாற்றாமல் சொன்னேன். வீட்டில் இருப்பதை மண்ணோடு பிடுங்கிப் பையில் கட்டித் தரும்படி கேட்டேன்.

"அப்ப நாங்கள் இவ்வளவு நாளும் திண்டது, அண்ணை?" என்று பின்வரிசையில் ஒரு பெண் கேட்டார்.

"இதுவரை ஒருத்தருக்கும் ஒண்டும் வரேல்லை. இனித் தின்ன வேண்டாம்."

தடித்த கண்ணாடி அணிந்த ஒருவர் எழுந்தார். பேர்னில் பேருந்து ஓட்டுகிறவர். எங்கள் வீட்டுக் கீரையைக் கண்ணுக்கு நல்லதென்று வாரந்தோறும் வாங்கிச் சென்றவர். "அதுதானே பாத்தன்! இத்தனை வருசம் திண்டும் கண்ணாடி கழட்டேலாமல் கிடக்கு. அக்காவில பிழையில்லை, செடியிலதான் பிழை!"

மண்டபம் சிரித்தது. மகளும் சிரித்தாள், அந்த ஓராண்டில் அதை நான் அதிகம் கேட்டதில்லை.

"அண்ணை, நீங்கள் வண்டு டொக்டர்தானே," என்றார் அவருக்குப் பக்கத்தில் இருந்தவர். "அந்த வண்டைக் கொண்டந்து விட்டால் அது பாத்துக்கொள்ளாதோ? எங்களை ஏன் புடுங்க விடுறியள்?"

"அது குளிர் தாங்காது. விடுறதெண்டாலும் முதல் சோதினை பாஸ் பண்ணவேணும். பத்துப் பதினைஞ்சு சட்டிக்குக் கைதான் வண்டு."

அந்தக் கேள்வி நல்ல கேள்வி. நின்று விளக்க நேரமிருந்தால் விளக்கியிருப்பேன். இயற்கை எதிரி எந்தக் களையையும் முற்றாக ஒழிப்பதில்லை. செடி குறையக் குறையப் பூச்சியும் குறையும். ஈற்றில் இரண்டும் சிறிதளவாக எஞ்சி நிற்கும். பெருநிலங்களை இழந்துவிட்ட நாட்டுக்கு அது பெரிய வெற்றி. செடி இப்போதுதான் வாசலுக்கு வந்திருக்கும் நாட்டுக்கு அது போதாது. வாசலில் வைத்தே முற்றாக நீக்கலாம். அதற்கு வேண்டியது பொறுமையும், யாரிடம் இருக்கிறது என்ற விபரமும் மட்டுமே.

மகள் பையையும் அட்டையையும் கொடுக்க, விபரத்தை நான் அங்கேயே எடுத்தேன். நினைவு மலரின் பின்னட்டை வெறுமையாக இருந்தது. ஒவ்வொருவராக வந்து, தாங்கள் வாங்கியதையும் பிறகு யாருக்குக் கொடுத்தார்கள் என்பதையும் சொன்னார்கள். கண்ணாடிக்காரர் பாசலில் இருக்கும் மச்சானுக்கு. ஒரு பெண் ஓர்லிகோனில் கடை வைத்திருக்கும் தங்கைக்கு; தங்கை இன்னும் மூன்று வீடுகளுக்கு. களைகள் பரவும் வரைபடங்களை வாழ்நாளெல்லாம் வரைந்திருக்கிறேன். இதைப்போல ஒன்றை வரைந்ததில்லை. கோடுகள் எல்லாம் ஓஸ்டர்முண்டிகனில் எங்கள் சமையலறையிலிருந்து புறப்பட்டன. வாங்கிய ஒவ்வொருவரும், வாங்கிய நாளையும் அன்று மனைவி என்ன சமைத்திருந்தாள் என்பதையும் சேர்த்தே சொன்னார்கள். அவற்றுக்கு வரைபடத்தில் இடமில்லை. எழுதிக்கொண்டேன்.

கடைசியாக வந்தவர் ஷாஃப்ஹவுசனில் இருந்து வந்த பெண்மணி. முன்பு மனைவியுடன் சலவைக்கூடத்தில் வேலை செய்தவர். பையை மடித்துக் கையில் வைத்திருந்தார்.

"அண்ணை, எத்தினை செத்தவீட்டுக்கும் திவசத்துக்கும் போயிருப்பன். தட்டம் தந்திருக்கினம், செம்பு தந்திருக்கினம். குப்பைப் பை தந்தது நீங்கள்தான்."

"ஓம்."

அவர் சிரிப்பை நிறுத்தினார். "இந்தப் பை காணாது. நான் குளத்துக்கை விட்டிட்டன்."

"எந்தக் குளம்?"

"வீட்டுக்காரரின்ர தோட்டத்தில. சட்டியில நிண்டது சோர்ந்துபோச்சு. அதுக்குத் தண்ணி காணாதெண்டு அக்கா சொன்னவ. குளத்தில நல்லாச் சந்தோசமா நிக்குது."

"குளம் நிரம்பினால் தண்ணி எங்க போகுது?"

"குழாயால வாய்க்காலுக்கு." சற்று யோசித்தார். "வாய்க்கால் ரைன் ஆத்துக்கு."

மறுநாள் திங்கள் அதிகாலைத் தொடர்வண்டியில் மகளும் நானும் ஷாஃப்ஹவுசனுக்குச் சென்றோம். குளம் ஒரு கட்டிலளவு. பாதியை அது மூடியிருந்தது. வீட்டுக்காரர் முதிய சுவிஸ்காரர். வெள்ளைப் பூக்கள் அழகென்று தன் மனைவி சொன்னதாகச் சொன்னார். விளக்கியதும் அவரே நீர்க்காலணி கொண்டுவந்து தந்தார். முதலில் குழாயின் வாயில் மெல்லிய கம்பிவலையைக் கட்டினேன். பிறகு இறங்கினேன். இழுத்தால் ஒடியும் செடி அது; ஒடிந்த ஒவ்வொரு துண்டும் புதிதாக வேர் விடும். ஆகவே அடிமண்ணோடு கையால் தோண்டி, முழுதாகத் தூக்கி, கரையில் நின்ற மகளிடம் கொடுத்தேன். அவள் பையில் இட்டு வாய் கட்டினாள். மாலைவரை பிடித்தது.

அதன்பின் வாய்க்கால் ஓரமாக ரைன் வரை நடந்து, இருபுறமும் பார்த்தோம். ஒரு தண்டும் இல்லை. ரைன் தெளிவாக ஓடிக்கொண்டிருந்தது.

"அக்கா இருந்திருந்தால் ஏசியிருப்பா," என்றார் ஷாஃப்ஹவுசன் பெண்மணி, கட்டிய பைகளைப் பார்த்து. "இவ்வளவையும் எறியிறதோ எண்டு."

"ஓம். பிறகு தேத்தண்ணி போட்டிருப்பா."

"அது நான் போடுறன்," என்று உள்ளே சென்றார்.

அந்த இலையுதிர்காலத்தில் மேலும் மூன்று முறை சென்றேன். முதல் முறை சேற்றில் இரண்டு துளிர்கள் இருந்தன, பின்னர் இல்லை. இந்த ஆண்டு வைகாசியிலும் ஆனியிலும் பார்த்தேன், இல்லை. பின்னட்டையில் இருந்த வீடுகளிலிருந்து பைகள் ஒவ்வொன்றாக வந்தன. பாசலிலிருந்து வந்த பையோடு ஒரு டப்பாவில் வடையும் வந்தது. ஒவ்வொரு வீட்டையும் அழைத்து, சட்டி, மண், வாளி எல்லாம் கேட்டு, வரைபடத்தில் அதற்குரிய கோட்டை வெட்டினேன். கடைசிக் கோடு சென்ற வாரம் வெட்டப்பட்டது.

அன்று பிற்பகல் வலப்பக்கச் சட்டியைக் கவிழ்த்தேன். அதற்கு முன் பூவோடு ஒரு தண்டை எடுத்து, இரண்டு தாள்களுக்கு நடுவே வைத்து அழுத்தினேன். பதப்படுத்திய செடிக்குச் சீட்டு எழுதும் முறை எங்கள் துறையில் கண்டிப்பானது. வளர்த்தவர் யார், சேகரித்தவர் யார், இனங்கண்டவர் யார் என்று தனித்தனி வரிகள். இனங்காணல் பிழையென்று பின்னர் தெரிந்தால் முதற் சீட்டைக் கிழிப்பதில்லை. அதன் அருகே திருத்தச் சீட்டை ஒட்டுவோம். பிழை யாருடையது என்பது தாளில் நிற்கும்.

முதற் சீட்டில் எழுதினேன்: பொன்னாங்காணி. இனங்கண்டவர், என் பெயர். முறை, வாய்மொழி, பாராமல். ஆண்டு நினைவில்லை.

இரண்டாவது சீட்டில்: முதலைக்களை. இனங்கண்டவர், என் பெயர். தண்டும் பூவும் பார்த்து.

வளர்த்தவர் என்ற வரியில் மனைவியின் பெயரை முழுதாக எழுதினேன். மகள் தோளுக்கு மேலால் வாசித்துக்கொண்டிருந்தாள்.

"குறிப்பு எண்டு ஒரு வரி கிடக்கு, அப்பா. வெறுமையா விட்டிட்டியள்."

வளர்ந்த நிலைமையை எழுதவேண்டிய வரி அது. பேனையைத் திரும்ப எடுத்து எழுதினேன்: தெற்குப் பால்கனி, நீர் நிரம்பிய சட்டி. வாரம் இருமுறை கிள்ளப்பட்டது. வளர்த்தவர் இருந்தவரை பூக்கவில்லை.